ஏழு குடம், ஐம்பத்தொரு மீன்

முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கடையில் வேலை பார்த்தவன் நான். இராமநாதபுரத்தில் வண்ணமீன் கடை. ஓய்வு பெற்றேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். முட்டி வலி வந்தது, வேலையை விட்டு நின்றுகொண்டேன். போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனபோது இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் வருகிறதே, இன்னும் பழைய குடக்கணக்கைச் சொல்லி வாடிக்கையாளரை விரட்ட வேண்டுமா, கேட்கிற மீனைக் கொடுத்துவிட்டால் என்ன என்பது கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குடக்கணக்கு எங்கள் முதலாளி சாகுல் அமீதுடையது. பெரியபட்டினத்துக்காரர். அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். இளவயதில் கொழும்பில் வண்ணமீன் ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் இருந்தவர். அங்கே பைபையாக மீனை அடைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை செத்தது என்று கேட்டுக் கேட்டு, மீன் விற்பதிலேயே அவருக்கு ஒரு வெறுப்பு வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஊர் திரும்பி மீன் கடைதான் வைத்தார்.

நான் எழுபத்தெட்டில் சேர்ந்தேன். அபிராமம் பக்கத்து விவசாயக் குடும்பம். மிளகாய் வாடியதால் வேலை தேடி வந்தவன். முதல் ஒன்றரை வருடம் மீனைத் தொட அனுமதி இல்லை, தண்ணீரைத் தொடலாம். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தொட்டியின் அடி அழுக்கை வெளியேற்றுவது என் வேலை. சரியான நேரத்தில் வாயை எடுக்கத் தெரியாததால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் குடித்ததை வெளியே சொல்வதில்லை. ஆனால் எந்தத் தொட்டியில் கூட்டம் அதிகம் என்பது நாக்குக்குத் தெரிய ஆரம்பித்தது. பயிற்சி என்று சொன்னால் அதுதான்.

மீன் வாங்க வருகிறவரிடம் காக்கா மூன்று கேள்வி கேட்பார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் வருகிறது? அதில் வாரத்துக்கு எத்தனை குடம் மீனுக்கு விடுவீர்கள்? அந்தக் குடத்தைத் தூக்கப்போவது யார்? எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் புரியும். முதல் இரண்டு கேள்விக்கும் ஆண்கள் கம்பீரமாகப் பதில் சொல்வார்கள். மூன்றாவதற்கு வரும்போது குரல் இறங்கும், ஏனென்றால் தூக்கப்போகிறவர் கடைக்கு வந்திருக்க மாட்டார். “அவுகளயும் ஒரு எட்டுக் கூட்டியாங்க” என்று சொல்லிவிட்டுக் காக்கா பேப்பர் படிக்கத் தொடங்கிவிடுவார். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். அதை அவர் நஷ்டமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வருகிறவர்களுக்கும் உடனே மீன் கிடையாது. தொட்டியை மட்டும் கொண்டுபோக வேண்டும். தண்ணீரை ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்து பிளீச்சிங் வாடை போனபின் ஊற்ற வேண்டும். முதலில் இரண்டு மீன். மூன்று வாரம் கழித்து இன்னும் இரண்டு. ஒரு குடம் தண்ணீருக்குச் சின்ன மீன் என்றால் இரண்டு, தங்கமீன் என்றால் ஒன்று, அதற்கு மேல் இல்லை. தங்கமீன் நிறையத் தின்னும், நிறையக் கழியும், நிறைய மூச்சு வாங்கும். பார்க்க மட்டும்தான் சாது. ஒரு வாத்தியார் ஒருமுறை, கடலில் கோடிக்கணக்கான மீன் இருக்கிறதே என்று வாதாடினார். கடலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி மாத்துறாங்க, நீங்க மாத்துவீங்களா என்று காக்கா கேட்டார். வாத்தியார் பக்கத்துக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், மீன் வாங்கவில்லை.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். மகளின் பிரசவத்துக்காகக் காக்கா மூன்று வாரம் பெரியபட்டினம் போயிருந்தார். கடை என் பொறுப்பில். அப்போது எங்கள் ஊரிலிருந்து தவசி வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. அவர் மகள் கலாவுக்கு உச்சிப்புளியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. சீர்வரிசை ஐம்பத்தொரு தட்டு. தட்டில் பழமும் பலகாரமும் எல்லோரும் வைக்கிறார்கள், புதுசாக ஏதாவது வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியும் அதில் ஐம்பத்தொரு தங்கமீனும் வேண்டும் என்றார்.

அந்தத் தொட்டி ஏழு குடம் பிடிக்கும். ஏழு மீன் என்றேன். சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலே, அம்பத்தோரு தட்டுத் தூக்கிட்டுப் போறோம். ஏழு மீனக் கொண்டுபோயி வச்சா சம்பந்தகாரன் சிரிக்க மாட்டானா? உந்தங்கச்சி கல்யாணம்டா இது.”

நான் பணிந்துவிட்டேன். என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. பையில் அடைத்த மீனே இரண்டு நாள் தாங்கும், கல்யாணக் கூட்டமும் இரண்டு நாள்தான், கூட்டம் கலைந்ததும் நாற்பத்திநாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இந்தக் கணக்கில் மீன் சம்பந்தப்பட்டதெல்லாம் சரி. மனிதர் சம்பந்தப்பட்டது தப்பு. சீராகப் போன பொருள் பெண்ணின் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வரக்கூடாது. ஒரு கரண்டி திரும்பினாலும் பெண்ணையே திருப்பி அனுப்பியதாகத்தான் ஊர் பேசும். அப்படிப் பேசுகிற ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. மீனுக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்தில் தொட்டிக்குத்தான் கூட்டம். மாப்பிள்ளையைப் பார்த்தவர்களை விட அதைப் பார்த்தவர்கள் அதிகம். கூட்டம் கலைந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ராக்கம்மாளிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். கொஞ்சம் மீனை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று முடிப்பதற்குள் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தொட்டி அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

நாலாம் நாள் பக்கத்து மருந்துக் கடைக்கு எனக்குப் போன் வந்தது. உச்சிப்புளி பஸ் ஸ்டாப் பூத்திலிருந்து கலா. தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் வந்திருந்தாள். மாப்பிள்ளை தூத்துக்குடியில் வேலை, லீவு முடிந்து போய்விட்டார்.

“அண்ணே, நாலு மீன் செத்துப்போச்சு. அத்தை இன்னும் பாக்கல. பாத்தா நான் வந்த நேரம்னு சொல்லிருவாக. அதே மாதிரி நாலு கொண்டாந்துருண்ணே.”

நான் மறுநாளே போனேன். அண்ணன் தங்கையைப் பார்க்கப் போவதை யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. மூன்றடுக்குத் தூக்குச்சட்டியில் மேல் அடுக்கில் வடை, நடுவில் பூந்தி, கீழ் அடுக்கில் தண்ணீரும் நாலு மீனும். ராக்கம்மாள் வடையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போன நேரத்தில் கலா கீழ் அடுக்கைத் தொட்டியில் கவிழ்த்தாள். செத்த நாலும் கருவேப்பிலைச் செடியின் அடியில் போய்விட்டன. அடுத்த வாரத்தில் இன்னும் மூன்று தடவை போனேன். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று தெருவில் பேசிக்கொண்டார்களாம்.

அந்த வீட்டில் தினமும் விடியற்காலையில் ராக்கம்மாள் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வார். மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். “என்னயப் பாத்தா போதும், எல்லாம் ஓடியாந்துருது” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அது காற்றுக்கு ஏங்குவது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவர் பார்க்கும்போது விரலை வேறு மடக்குகிறார், எண்ணுகிறார் என்று கலா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். தண்ணீர் கலங்கினால் மீன் சாகிறது என்று அவளாகவே கண்டுபிடித்து, வீட்டுக்கு வேண்டிய எட்டுக் குடத்துக்கு மேல் தினம் இரண்டு குடம் அடிபம்பிலிருந்து சுமந்து மாற்றினாள். அதுவும் பம்பில் அடித்த தண்ணீரை ஆறவைக்காமல் அப்படியே. கல்யாணமாகிப் பதினைந்து நாள் ஆகாத பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். காக்காவின் மூன்றாவது கேள்விக்கான பதில் அதுதான். அதைக் கேட்காமல் விற்றவன் நான். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

காக்கா திரும்பி வந்தார். பேரன் பிறந்த மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைத் தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். எண்ணமாட்டார், பார்ப்பார். அப்புறமும் இரண்டு தடவை நான் தூக்குச்சட்டியோடு கிளம்பியதைக் கவனித்திருக்கிறார். மூன்றாம் தடவை, “என்னலே கருப்பையா, கல்யாணம் முடிஞ்ச பெறகும் மொய் செஞ்சுக்கிட்டே இருக்க?” என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவது அவர் வழக்கம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கிற வரையில் நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும். அன்று ரொம்ப நேரம் துடைத்தார்.

“நீ எரக்கப்பட்டுக் கொண்டுபோற ஒவ்வொரு மீனும் உள்ள கெடக்குற ஒண்ணோட மூச்சப் புடுங்குது. சும்மா இருந்துருந்தா பாதி செத்ததோட மிச்சம் பொழச்சிருக்கும். நீ பொழைக்க விடல” என்றார்.

செத்தால் அவள் தலையில் விடியும், திருப்பி எடுக்கவும் முடியாது, நான் என்ன செய்ய என்று கேட்டேன். நாளைக்கு நானும் வாரேன் என்றார்.

போகும்போது வலை, பெரிய அலுமினிய அண்டா, கடையில் ஒருநாள் திறந்து வைத்து ஆறவைத்த தண்ணீர் நாலு கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். கல்யாணத்துக்குக் கொடுத்த தொட்டியை ஒருமுறை வந்து பார்ப்பது எங்கள் கடை வழக்கம் என்று ராக்கம்மாளிடம் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் அன்றுதான் தொடங்கியது. முதலில் தொட்டியில் கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். தண்ணீர் கெட்டதற்கு அடையாளமாக, எழுந்த நுரை உடையாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. கையை முகர்ந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு அண்டாவில் கேன் தண்ணீரை ஊற்றி, அதில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒவ்வொரு மீனாக வலையில் எடுத்து மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு எண்ணினார். ராக்கம்மாள், அவர் மகள் பாண்டியம்மாள், கலா, நான் என்று எல்லோரும் சுற்றி நின்றோம்.

முந்தின நாள் மூன்று செத்ததாகக் கலா போனில் சொல்லியிருந்தாள், அதற்குப் பதில் இன்னும் போடவில்லை. ஆகவே நாற்பத்தெட்டில் எண்ணிக்கை நிற்கும், நின்றதும் குட்டு உடையும். நாற்பத்தைந்தைத் தாண்டியபோது கலா சுவரில் சாய்ந்துகொண்டாள். நாற்பத்தெட்டு வந்தது. நிற்கவில்லை. ஐம்பத்தொன்று வந்தது. அதுவும் நிற்கவில்லை.

“அம்பத்தி நாலு” என்று சொல்லிவிட்டுக் காக்கா வலையை உதறினார்.

 ராக்கம்மாள், குட்டி போட்டிருக்கும் என்றார்.

“இது முட்டை போடுற சாதி தாயி. போட்டிருந்தாலும் இந்தக் கொஞ்ச நாள்ல விரல் நீளம் வளராது” என்று காக்கா மரியாதையாகச் சொன்னார்.

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இராமேசுவரத்திலிருந்து சைக்கிளில் பையில் மீன் தொங்கவிட்டு வருகிறவனிடம் வாங்கிப் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். விடியற்காலையில் அவர் விரல் மடக்கியது செத்ததை எண்ணத்தான். சைக்கிள்காரன் பத்து மணிக்கு வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சில நாள் செத்ததை அப்படியே விட்டிருக்கிறார். இடையில் அதைக் கலா பார்த்து எடுத்துப் புதைத்துவிட்டு எனக்குப் போன் செய்திருக்கிறாள். காணாமல் போனதை மற்ற மீன் தின்றிருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். ஒரு சாவுக்கு அந்த வீட்டில் இரண்டு மீன் இறங்கியிருக்கிறது.

“எதுக்குத் தாயி மறைச்ச?” என்று காக்கா கேட்டார்.

“எம்மகளக் கட்டிக் குடுக்கணும்ல பாய். புது மருமக கொண்டாந்த சீரு இந்த வீட்டுல வந்து செத்துக் கெடக்குன்னா, வீடு வெளங்காத வீடும்பாங்க. எவன் வந்து பொண்ணு கேப்பான்? இவளுக்குத் தெரிஞ்சா அவுக அய்யாகிட்டச் சொல்லிருவா, ஊருக்கே தெரிஞ்சு போகும்னு இவளுக்குந் தெரியாமப் போட்டேன்.”

 கலா, நான் கொண்டுவந்திருந்த தூக்குச்சட்டியின் கீழ் அடுக்கை எடுத்து அத்தையின் முன்னால் வைத்தாள். அதில் தண்ணீர் ஊறிய கறை இருந்தது, ஒரு செதில் ஒட்டியிருந்தது. ராக்கம்மாள் அதையும் என்னையும் கலாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், பூந்தியில் ஏன் மீன் வாடை அடித்தது என்று இப்போது புரிகிறது என்றார்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்தபின் காக்கா கணக்குக்கு வந்தார். ஏழு குடம், ஏழு மீன். வாரம் இரண்டு குடம் தண்ணீர், ஆறவைத்து மாற்ற வேண்டும். மீதி நாற்பத்தேழு? கடைக்குத் திரும்பாது என்பதில் ராக்கம்மாள் உறுதியாக இருந்தார். காக்காவும் வற்புறுத்தவில்லை. வழியைச் சொன்னது ராக்கம்மாள்தான். சீர்ப் பலகாரத்தைத் தெருவுக்குப் பங்கு வைக்கிறோம் இல்லையா, அதேபோல இதையும் பங்கு வைத்துவிடலாம், அது கௌரவம் என்றார். காக்கா ஒரு நிபந்தனை போட்டார். கண்ணாடிச் சாடியில் போடுகிற வீட்டுக்குக் கிடையாது. புழக்கத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய சிமெண்டுத் தொட்டி உள்ள வீட்டுக்கு மட்டும், ஒரு தொட்டிக்கு மூன்று. கொசுப் புழுவைத் தின்றுகொண்டு அங்கே அது சுகமாக இருக்கும்.

பிறகு அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் காக்கா வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைச் சோதித்தார். குனிந்து பார்ப்பார், முகர்வார், நிழல் விழுகிறதா, சோப்புத் தண்ணீர் தெறிக்கிறதா என்று பார்ப்பார். பதினாறு தொட்டி தேறின. தேறாத வீட்டுக்காரர்களுக்கு வருத்தம். எங்கள் தொட்டிக்கு என்ன குறைச்சல் என்று ஒருவர் காக்காவோடு மல்லுக்கு நின்றார். மாப்பிள்ளை பார்க்கிறவன் கூட இவ்வளவு விசாரிக்கமாட்டான் என்று இன்னொருவர் சொன்னார். சாயந்திரத்துக்குள் நாற்பத்தேழும் போய்ச் சேர்ந்தன. திரும்பும் வழியில் காக்கா என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். அண்டாவைச் சாய்க்காமல் பிடி என்றார்.

மூன்று மாதம் ஏழும் இருந்தன. நாலாம் மாதம் பாண்டியம்மாளைப் பெண் பார்க்கப் பரமக்குடியிலிருந்து ஆள் வந்தார்கள். மருமகளின் அண்ணன் என்ற முறையில் நானும் போயிருந்தேன், நாற்காலி போடுவதற்கும் ஆள் வேண்டுமே. வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குத் தொட்டிக்கு எதிரில் இடம் கிடைத்தது. அவர்தான் முதலில் பார்த்தார். ஒரு மீன் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. காலையில் நன்றாகத்தான் இருந்தது.

“இது மருமக கொண்டாந்த சீருன்னு சொன்னாகளே” என்று அந்த அம்மாள் இழுத்தார்.

காப்பித் தட்டோடு வந்த கலா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.  சைக்கிள்காரனுக்கும் தூக்குச்சட்டிக்கும் இப்போது நேரமில்லை. இந்த ஒன்றுக்காகத்தானே மாமியாரும் மருமகளும் அத்தனை நாள் பயந்து செத்தார்கள். நான் ராக்கம்மாளைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்த் தொட்டியில் கையை விட்டுச் செத்ததை எடுத்தார். எல்லோர் முன்னிலையிலும் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஆமா, எம் மருமக கொண்டாந்ததுதான். மீனுதானம்மா செத்துச்சு. எம் மருமக நல்லாத்தான் இருக்கா” என்றார். பிறகு திரும்பி, “காப்பி ஆறுது தாயி, எல்லாத்துக்கும் குடு” என்றார்.

கலா கொடுத்தாள். என்னிடம் வரும்போது கண் நிறைந்திருந்தது. நான் காப்பியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ராக்கம்மாள் ஒருநாளும் அதற்கு மீனைக் காரணம் சொல்லவில்லை, கலாவையும் சொல்லவில்லை. பாண்டியம்மாளுக்கு அடுத்த தையில் வேறு இடம் அமைந்தது.

ஆனால் வந்தவர்கள் போன அன்று சாயந்திரம், கிளம்புகிற நேரத்தில், பழக்க தோஷத்தில் கலாவிடம் நான் குரலைத் தாழ்த்தி, நாளைக்கு ஒன்று கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். ராக்கம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கலா குரலைத் தாழ்த்தவில்லை.

“வேணாண்ணே. ஆறே இருக்கட்டும்” என்றாள்.

ராக்கம்மாள் நிமிர்ந்து பார்க்காமல், ஆமா என்றார்.